மொட்டை நத்தை குடியிருக்கும் இடம்

ஜூன் 9, திங்கள்

தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாகிவிட்டது. டாக்டரம்மா சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாதாம். குசுகுசுவென்று பேசினால் அது இன்னும் கெடுதலாம். மீறினால் குரல் திரும்பி வராது என்று மிரட்டி அனுப்பியிருக்கிறாள்.

"பாட்டி டீச்சரா இருந்தாங்களா? இல்ல, பாட்டு கச்சேரி ஏதாவது?" என்று அவள் கேட்டாள். தொண்டையைப் போட்டு அவ்வளவு உழைத்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டி வருமாம்.

"ரெண்டும் இல்ல டாக்டர். அடுத்த வீட்டுல அவங்க ஓரகத்தி இருக்காங்க" என்றாள் என் மருமகள் ஜெயசுபா.

டாக்டரம்மா சிரித்தாள். நர்சும் சிரித்தாள். நான் மறக்கமாட்டேன்.

ஓரகத்தி என்றால் சொர்ணபாய். என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். தம்பியும் போய்ச் சேர்ந்தாயிற்று, அவள் மட்டும் கிடக்கிறாள். அவளைப் பற்றி இன்று எழுதிக் கையை அழுக்காக்க வேண்டாம்.

பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு ஊதிவிடும் என்று ஜெயசுபா பழைய டைரி ஒன்றைத் தந்தாள். "மனசுல வாறத எழுதுங்க அத்தை. என்னைய ஏசணும்னாலும் இதுலயே ஏசுங்க, நான் வாசிக்க மாட்டேன்" என்றாள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் ஏசுவதற்கு அது போதும்.

சாயங்காலம் முகம் கழுவக் குளிமுறிக்குப் போனேன். சுவரில் என்னவோ ஒட்டியிருந்தது. நனைந்த தோல்செருப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அப்பியது போல. விரல் நீளம் இருக்கும். ஓடு இல்லை. நத்தைக்காவது முதுகில் ஒரு கூடு உண்டு, இழுத்து மூடிக்கொள்ள ஒரு மானம் உண்டு. இது மொட்டை. இரண்டு கொம்பை நீட்டி என்னைப் பார்த்தது. வந்த வழியெல்லாம் கஞ்சிப்பசை காய்ந்த மாதிரி மினுக்கம்.

கத்த வாயெடுத்தேன். கத்தக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஜூன் 11, புதன்

மழை. நேற்றும் மழை.

மொட்டை நத்தை செடிக்கொட்டகைக்கும் வந்துவிட்டது. ஜெயசுபா பின்முற்றத்தில் பச்சை வலை கட்டி, மேலே பாலித்தீன் விரித்து, நல்லமிளகுக் கொடியைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்னப் பைகளில் வேர்பிடிக்க வைத்திருக்கிறாள். தளிர் விட்டு நிற்கின்றன. அடுத்த மாதம் விவசாய ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் எடுத்துக்கொண்டு, வருஷா வருஷம் இவளிடமே வாங்குவார்களாம். இல்லாவிட்டால் அவள் மறுபடி அண்டி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அந்தப் பால் பட்டு அவள் விரல்கள் கரிக்கட்டை மாதிரி ஆகியிருந்தன. இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் தோல் நிறத்துக்கு வருகிறது. என் மகன் தவசி மஸ்கட்டில் இருந்துகொண்டு, "உனக்கு முடிஞ்சத செய்யி" என்று போனில் பெரிய மனுஷன் மாதிரி சொல்கிறான்.

எனக்கு அந்தக் கொட்டகையில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எங்கள் கிணறு மழையில் இடிந்து கலங்கிக் கிடக்கிறது. அதனால் தண்ணீர் ஊற்றுகிறவள் சொர்ணபாய். அவள் கிணற்றில் கோரி, குடத்தில் எடுத்து, ரோட்டைச் சுற்றி வந்து சாயங்காலம் தெளித்துவிட்டுப் போகிறாள். ஜெயசுபா அவளை, "சித்தி, சித்தி" என்கிறாள். இரண்டு பேரும் குனிந்து தளிரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் ஜன்னலைச் சாத்துவேன்.

"பகல்ல ஈரமும் இருட்டுமா உள்ள எடத்துல கெடக்கும் அத்தை. ராத்திரி வந்து தளிரத் தின்னும். எங்கயோ பக்கத்துலதான் இதுக்க குடியிருப்பு" என்றாள் ஜெயசுபா.

எனக்குத் தெரியும் எங்கே என்று. சொர்ணபாய் துணி துவைக்கிற அலக்குகல்லுக்கு அடியில். அந்தக் கல் என் வீட்டுக்காரர் குழித்துறை ஆற்றிலிருந்து வண்டி பிடித்துக் கொண்டுவந்தது. மதில் கட்டும்போது அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் தரவில்லை. என் கல்லுக்கு அடியில் நத்தை வளர்க்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

செருப்புக்குள் ஒன்று. காலை விட்டபிறகுதான் தெரிந்தது. அந்தச் செருப்பை இனித் தொடமாட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று கடைக்கார ராஜையனுக்கு எழுதிக் காட்டி ஒரு மூட்டை கல்லுப்பு வரவழைத்தேன். "எதுக்கு அத்தை இவ்வளவு?" என்று ஜெயசுபா கேட்டாள். தென்னை மரத்தைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மழைக்காலத்தில் தென்னை மூட்டில் உப்பு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமனார் கன்று வைக்கும்போது குழியில் உப்பை அள்ளிப் போட்டுத்தான் வைப்பார். அந்த உப்பைத் தின்ற தென்னை எல்லாம் கூரைக்கு மேலே நிற்கின்றன.

இன்று விடியுமுன் கொட்டகைக்குப் போனேன். ஜெயசுபா எழுந்திருக்கவில்லை. பைகளின்மேல் ஏழெட்டு கிடந்தன. ஒன்று தளிரை வளைத்துப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பல் இல்லாத கிழவி வெற்றிலை குதப்புவது போல வாயை அசைத்தது. ஒரு பிடி உப்பை அள்ளி மேலே போட்டேன். சுருண்டது. நுரை தள்ளியது. மஞ்சளாக, சளி மாதிரி வழிந்து பைக்குள் இறங்கியது. வாந்தி எடுக்கக்கூடச் சத்தம் வரக் கூடாதே என்று சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் திருப்தியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் போட்டேன். நாளையும் போடுவேன்.

ஜூன் 18, புதன்

இன்று கஞ்சி ஜவ்வரிசியில். தொண்டைக்கு இதமாம்.

காலையில் வாழைத்தடத்தில் ஒரு சருகைப் புரட்டியபோது முட்டைகளைப் பார்த்திருந்தேன். ஜவ்வரிசி ஜவ்வரிசியாக, கண்ணாடி மாதிரி, ஒன்றோடொன்று நூலில் கோத்தது போலக் கொழகொழவென்று. ஜெயசுபா கிண்ணத்தை நீட்டினாள். நான் தலையைத் திருப்பினேன்.

"எதுக்கு அத்தை? நல்லாத்தான இருக்கு?"

நான் தரையைக் காட்டினேன், இரண்டு விரலைக் கொம்பு மாதிரி தலையில் வைத்துக் காட்டினேன், கிண்ணத்தைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. தவசியை வீடியோவில் கூப்பிட்டு, "இஞ்ச பாருங்க, உங்க அம்ம என்னைய மாடுன்னு ஏசுதாங்க" என்று காட்டினாள். அவன் அங்கே விழுந்து விழுந்து சிரிக்கிறான். நான் பெற்றது.

விடிகாலை வேலை நடக்கிறது. தளிரெல்லாம் இப்போது கடிபடாமல் நிற்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வாயும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

வாய் திறந்ததும் சொர்ணபாயிடம் சொல்ல வேண்டியதை இன்று மனசுக்குள் ஒருமுறை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம்.

ஜூன் 23, திங்கள்

சொர்ணபாய் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் முற்றத்துக்குப் போனேன். பெயர்த்தெடுக்கக் கம்பி கொண்டுபோயிருந்தேன். அலக்குகல்லை ஒரு பக்கம் நெம்பித் தூக்கிப் பார்த்தேன்.

எறும்பு. ஒரு பழைய சோப்புத் துண்டு. வேறொன்றும் இல்லை. காய்ந்து கிடந்தது.

முன்கூட்டியே எடுத்து வேறு இடத்தில் ஒளித்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

ஜூன் 26, வியாழன்

செடியில் இலை ஓரமெல்லாம் காய்ந்து கருகுகிறது. நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி. நாலைந்து பைகளில் தண்டே சுருங்கிவிட்டது. ஜெயசுபா காலையிலிருந்து கொட்டகையில் குந்தியிருந்தாள். சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் சொர்ணபாய் குடத்தோடு வந்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

"சித்தி, உங்க கெணத்துல என்னமும் போட்டியளா?"

"பிளீச்சிங் பவுடர் போட்டேன் மக்களே. கொஞ்சம்போலத்தான். எல்லா மழைக்கும் போடுததுதானே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? இந்தா பாருங்க, எல்லாம் கரிஞ்சு போச்சு."

"அது போட்டு எத்தனையோ நாளாச்சே. நான் அந்தத் தண்ணியத்தான் குடிக்கேன். எனக்க முருங்கை நல்லாத்தான நிக்கு."

"முருங்கையும் இதும் ஒண்ணா சித்தி? இனி நீங்க தண்ணி கொண்டு வராண்டாம். நான் பைப்புல வாறத வச்சுப் பாத்துக்கிடுதேன்."

சொர்ணபாய் ஒரு பையின் மண்ணில் விரலை வைத்தாள், நாக்கில் வைத்தாள், துப்பினாள். ஜெயசுபா அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள், கவனிக்கவில்லை. பிறகு சொர்ணபாய் நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். குடத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுப் போனாள்.

நல்லது. கழுதை ஒழிந்தது. எத்தனை வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, வாயை மூடிக்கொண்டிருந்தபோது நடந்துவிட்டது.

ஜூன் 28, சனி

உப்பு போடப் போகவில்லை. மழை பலம்.

மழை இல்லாதபோதும் போகவில்லை. முழங்கால் வலி.

பைப்பில் வருகிற தண்ணீர் வீட்டுக்கே போதவில்லை. ஜெயசுபா ஒவ்வொரு பைக்கும் ஒரு கரண்டி ஊற்றுகிறாள். இன்னும் கருகுகிறது.

ஜூன் 30, திங்கள்

ஜெயசுபா சந்தைக்குப் போயிருந்தாள். நான் பின்முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே சொர்ணபாயின் தலை தெரிந்தது.

"அக்கா" என்றாள்.

நான் துணியை உதறினேன்.

"நான் எல்லா நாளும் விடிய வெளுப்புக்குக் கோழிய தொறந்து விடுதவ. உங்களப் பாத்தேன். ஒரு நாள் இல்ல, பல நாளு. தென்னைக்குப் போடுதீங்கன்னு நெனச்சேன். பெறவு மண்ண நாக்குல வச்சப்பத்தான் வெளங்குச்சு."

நான் உதறின துணியையே மறுபடி உதறினேன்.

"ஜெயசுபாட்ட சொல்லிருப்பேன். ஒரு நிமிசம் ஆகாது. ஆனா உங்களுக்கு வாய் இல்ல. வாயில்லாதவள பத்திக் கோள் சொல்லி செயிக்க எனக்குக் கேவலமா இருக்கு. உங்களுக்கு வாய் வரட்டும். அப்ப ரெண்டு பேரும் நல்லா நின்னு மல்லு புடிப்போம்." கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "செடி அது வரைக்கும் நிக்காது. பாத்துக்கிடுங்க."

தலை மறைந்தது.

அந்த மொட்டை நத்தை என் கழுத்தில் ஏறியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. இவள் எனக்கு இரக்கம் காட்டுகிறாள். இவள். அவள் ஏசியிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம், அதற்குப் பதில் எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது? உடம்பெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. இரண்டு தடவை குளித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

என் வீட்டுக்காரருடைய பதினாறாம் நாள் அடியந்திரம். பந்தியில் இலை போட்டாயிற்று. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான் அங்கே நிற்பது தெரியாமல் சொர்ணபாய் பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள்: "அக்கா ஏசி ஏசியே அத்தான கொண்டுபோய்ச் சேத்துட்டா." சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அந்த அப்பளம் நொறுங்கின சத்தம் இப்போதும் காதில் கிடக்கிறது.

அதுவரை மதிலில் ஒரு திறப்பு உண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் வழி. பிள்ளைகளும் கோழிகளும் அதில்தான் போய்வரும். மறுநாள் காலை அந்தத் திறப்பில் தேங்காய் மட்டையைக் கொண்டுபோய்க் குவித்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் உரித்த ஒவ்வொரு தேங்காயின் மட்டையும் அங்கேதான் போயிருக்கிறது. இன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

அவர் கடைசி நாளில் சோற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்றார். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

ஜூலை 2, புதன்

ஜெயசுபா அண்டி ஆபீசில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். வாசற்படியில் உட்கார்ந்து தன் கையை விரித்து, புரட்டி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி எடுக்கவா அத்தை?" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

எழுதிக் காட்டலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். எழுத்து ஓடவில்லை. எழுதினால் அது அப்படியே நின்றுவிடும்.

உப்பு மூட்டையை விறகுப்புரையிலிருந்து இழுத்தேன். பாதிக்குமேல் காலி, ஆனாலும் கனம். முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டகைக்குள், கருகின பைகளுக்கு நடுவில் நிறுத்தினேன். ஜெயசுபா தண்ணீர்க் கரண்டியோடு நிமிர்ந்தாள். மூட்டையைப் பார்த்தாள். தென்னையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி தலையில் வைத்தேன். பிறகு ஒரு பிடி உப்பை எடுத்து ஒரு பையின் மேலே போடுவது போலக் காட்டினேன்.

இந்தத் தடவை புரிந்துவிட்டது.

அவள் ஒரு பையிலிருந்து மண்ணைக் கிள்ளி வாயில் வைத்தாள். வெகுநேரம் அதை வாயிலேயே வைத்திருந்தாள்.

"தென்னைக்குன்னு காட்டுனியளே" என்றாள்.

ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைச் சுற்றிச் சொர்ணபாய் வீட்டுக்குப் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சொர்ணபாயின் குரல்: "சவத்த விடு மக்களே. கழுவுனா போயிரும். தண்ணி நெறய வேணும், அவ்வளவுதான். குடத்துல சுத்திச் சொமந்தா தீராது. அந்த வழியத் தொறக்கணும்."

ஜூலை 4, வெள்ளி

நிறைய எழுத வேண்டும்.

காலையில் ஜெயசுபா இந்தப் பக்கம், சொர்ணபாய் அந்தப் பக்கம் நின்று மட்டைக் குவியலைப் பிரித்தார்கள். மேல் மட்டை காய்ந்து கிடந்தது. இரண்டடி உள்ளே போனதும் கறுத்து, மக்கி, சாணம் மாதிரி ஈரம். நான் திண்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஜெயசுபா ஒரு மட்டையைப் புரட்டியவள் பின்னால் குதித்தாள்.

அங்கே இருந்தன. எல்லாம் அங்கேதான் இருந்தன. மட்டையின் குழிவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, பெரியது, சின்னது, நகக்கணு அளவுக் குஞ்சு. நடுவில் கொத்துக் கொத்தாக ஜவ்வரிசி. அடுத்த மட்டையிலும். அதற்கடுத்ததிலும். வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தது. குவியலே மூச்சு விடுவது போல இருந்தது. அழுகின நாற்றம் முகத்தில் அடித்தது. காலையில் குடித்த கஞ்சியை அங்கேயே எடுத்துவிட்டேன்.

"இவ்வளவு வருசமா நல்லா சொகமா கெடந்திருக்கு" என்றாள் ஜெயசுபா.

யார் அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தது என்று அவர்களில் ஒருத்தியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொர்ணபாய் வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டாள். வெறுங்கையால். அவளுக்கு அருவருப்பு என்பதே பிறவியில் கிடையாது. "உப்பு போடாண்டாம் அக்கா, கோழிக்கும் ஆவாது. தீயில போட்டுருவோம்" என்றாள். பிறகு வாளியை என் பக்கமாக நகர்த்தியவள், "அண்ணைக்கு அடியந்திரத்துல நான்..." என்று ஆரம்பித்தாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் ஒரு மட்டையை எடுத்து வாளிக்குள் ஓங்கிப் போட்டேன். அவள் நிறுத்திக்கொண்டாள். அதை இப்போது பேச வேண்டாம். என் பக்கத்துப் பதில் இல்லாமல் அவள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ள விடமாட்டேன்.

மத்தியானம் வழி திறந்தது. கிணற்றிலிருந்து கொட்டகைக்கு நேர்வழி. இரண்டு பேரும் கோரிக் கோரிப் பைகளில் ஊற்றி, உப்புத் தண்ணீர் அடியில் ஓடி வடியும்வரை கழுவினார்கள். வாளியை நான் கை மாற்றிக் கொடுத்தேன். சொர்ணபாயின் விரலில் இன்னும் அந்த மினுக்கம் இருந்தது. வாளிப் பிடியில் ஒட்டி என் கைக்கும் வந்தது. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

ஜூலை 9, புதன்

விவசாய ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள். பாதிக்கும் குறைவாகத்தான் தேறியிருக்கிறது. "இது போதாதே" என்றாள். ஜெயசுபா தலை குனிந்து நின்றாள். சொர்ணபாய்தான் பேசினாள்: "வெட்டக் கொடி இன்னும் நிக்கு, தண்ணி இருக்கு, எடம் இருக்கு. ஐப்பசி மழைக்குத் தாறோம்." அந்தப் பெண் யோசித்துவிட்டு, ஐப்பசிக்கு மறுபடி வருகிறேன், அதற்குள் முழுசாக இருக்க வேண்டும் என்றாள்.

ஜெயசுபா அண்டி ஆபீசுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். ஐப்பசி வரைக்கும்.

பை நிரப்ப மண் சலித்துக் கொடுத்தேன். செடிப் பக்கம் விடவில்லை என்னை. சரிதான்.

ஜூலை 14, திங்கள்

டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது என்றாள். "கொஞ்சமா பேசலாம் பாட்டி. ஆனா முன்ன மாதிரி கத்தினா மறுபடி வந்துடும். முதல்ல என்ன பேசப் போறீங்க?" என்று சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் பேச்சை அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அது சொர்ணபாய்க்கென்று எடுத்து வைத்தது. பஸ்ஸில் வரும்போது முழுவதையும் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கல்லில் ஆரம்பித்து, அப்பளத்தில் போய் முடியும். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. சொர்ணபாய் இரண்டு கையிலும் வாளியோடு திறப்பு வழியாக வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். ஜெயசுபா நடுவில் வந்து நிற்கப் பார்த்தாள், சொர்ணபாய் கண்ணாலேயே அவளை விலக்கினாள்.

"வாய் வந்துட்டா அக்கா? சொல்லுங்க. கேக்கத்தான் நிக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். அவள் வெறுங்காலோடு நின்றாள். அவள் அடுத்துக் கால் வைக்க வேண்டிய இடத்தில், மட்டை கிடந்து கறுத்த மண்ணில் ஒன்று கொம்பை நீட்டிக்கொண்டு ஊர்ந்தது.

"காலப் பாத்து வை. நத்தை கெடக்கு."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. சொர்ணபாய் கீழே பார்த்தாள். காலைத் தூக்கி, அதைத் தாண்டி, இந்தப் பக்கம் வந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

மிதித்திருந்தால் என் முற்றம்தானே நாறியிருக்கும். அதற்காகச் சொன்னது.

கல்லை இன்னும் தரவில்லை அவள்.